கழற்றக்கூடிய பூட்டு பிளக்: 315 பார் சோதனையில் பந்துப் பூட்டு நிற்கவில்லை, மாற்று வடிவமைப்பு வேண்டும்

கேள்வி: வடிவமைப்பாளர், கோவை

அனைவருக்கும் வணக்கம். பம்புகளைச் சோதிக்கும் மேடை ஒன்றுக்காக 6061-டி6 அலுமினியத்தில் ஒரு மேனிஃபோல்ட் பிளாக் வடிவமைத்து வருகிறேன். இதில் குறுக்காகத் துளையிட்ட எண்ணெய் வழிகள் பல உள்ளன. அவற்றுள் எதை அடைக்கிறோம், எதைத் திறந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அன்றைய சோதனைக்கான சுற்று அமைகிறது. ஆகவே ஒரே துளையை வாரத்தில் நான்கைந்து முறை திறந்து மூட வேண்டியிருக்கிறது. வேலை அழுத்தம் 210 பார், சோதனை அழுத்தம் 315 பார், எண்ணெய் ஐஎஸ்ஓ விஜி 46, வெப்பம் 70 டிகிரி வரை போகும். துளையின் விட்டம் 20 மி.மீ. பிளாக்கின் முகத்துக்கு மேலே எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. முகத்திலிருந்து உள்ளே 25 மி.மீ. ஆழம் வரை பிளக்குக்கு இடம் தர முடியும்.

பந்தை அழுத்தி உறையை விரிக்கும் நிரந்தர பிளக்கை இங்கே போட முடியாது, ஏனென்றால் அதை எடுக்க வேண்டுமானால் டிரில் செய்துதான் எடுக்க வேண்டும், அந்தச் சில்லுகள் எண்ணெய் வழிக்குள் விழும். முன்பிருந்த பிளாக்கில் ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) வைத்த மரை பிளக் போட்டிருந்தோம். எஃகு பிளக்கை அலுமினிய மரையில் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியதில் ஓராண்டுக்குள் இரண்டு துளைகளில் மரை உரிந்துவிட்டது.

அதனால் பந்துப் பூட்டு ஒன்றை வரைந்து மாதிரியும் செய்து பார்த்தேன். பிளக்கின் பக்கவாட்டில் 4 மி.மீ. எஃகுப் பந்துகள் நான்கு. நடுவிலுள்ள ஊசியை அழுத்தினால் அவை வெளியே தள்ளப்பட்டு, துளைச் சுவரில் 45 டிகிரி சரிவுடன் வெட்டிய காடியில் உட்காரும். ஊசியை இழுத்தால் பந்துகள் உள்ளே வந்துவிடும். கையால் மாட்டிப் பார்த்தபோது மிக நன்றாக இருந்தது. ஆனால் 315 பார் ஏற்றி இறக்கிய பின் பிளக் ஏறக்குறைய அரை மி.மீ. வெளியே நகர்ந்திருந்தது, பந்துகள் திரும்ப உள்ளே வரவில்லை, பிளக்கை எடுக்கவே பெரும்பாடாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஓ-ரிங்கின் விளிம்பிலும் ஓரிடத்தில் சீவியது போன்ற வெட்டு இருந்தது. பந்துகளின் எண்ணிக்கையை எட்டாக உயர்த்தலாமா, அல்லது வழியே தவறா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: இயந்திர வடிவமைப்பாளர், ஓசூர்

நண்பருக்கு வணக்கம். எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது தீராது. உங்கள் மாதிரியில் நடந்ததைக் கணக்கே காட்டிக் கொடுக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

20 மி.மீ. துளையின் பரப்பு 314 சதுர மி.மீ. 210 பார் என்பது 21 மெகாபாஸ்கல். ஆகவே பிளக்கை வெளியே தள்ளும் விசை 6.6 கிலோநியூட்டன். 315 பாரில் அது 9.9 கிலோநியூட்டன், அதாவது ஒரு டன் எடை பிளக்கின் பின்னால் நின்று தள்ளுவதற்குச் சமம். நான்கு பந்துகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,475 நியூட்டன். சரிவு 45 டிகிரி என்பதால் அந்தச் சரிவின் மீது செங்குத்தாக விழும் விசை 3,500 நியூட்டன். 6061-டி6 அலுமினியத்தின் பிரினெல் கடினத்தன்மை (பந்தை அழுத்தி, விழும் குழியைக் கொண்டு அளப்பது) 95 அளவில்தான் இருக்கிறது. அந்தக் கடினத்தன்மையுள்ள உலோகத்தில் 3,500 நியூட்டனைத் தாங்க 3.75 சதுர மி.மீ. பரப்பு வேண்டும்; 4 மி.மீ. பந்து அவ்வளவு பரப்பைப் பெற வேண்டுமானால் 0.3 மி.மீ.க்கும் சற்று அதிகமாக உள்ளே புதைய வேண்டும். அதைத் துளையின் நீளவாக்கில் மாற்றினால் 0.45 மி.மீ.க்கு மேல் வருகிறது. நீங்கள் அளந்த அரை மி.மீ. இதுதான். நீங்கள் பிரினெல் சோதனை இயந்திரம் ஒன்றைச் செய்து, உங்கள் பிளாக்கையே சோதித்திருக்கிறீர்கள் என்றே சொல்ல வேண்டும். குழியைச் சுற்றி மேலெழுந்த உலோக வரம்பு பந்தைப் பிடித்துக்கொண்டதால்தான் அது உள்ளே திரும்பவில்லை. எட்டுப் பந்துகள் வைத்தால் குழி சிறிதாகும், ஆனால் குழி விழுவது நிற்காது.

சர்க்ளிப் (காடிக்குள் விரிந்து உட்காரும் வில் வளையம்) போடலாமே என்று அடுத்து யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் அதையும் பார்த்துவிடுகிறேன். டின் 472 என்ற ஜெர்மானியத் தரத்தின்படி 20 மி.மீ. துளைக்கான உள் சர்க்ளிப்பின் காடி விட்டம் 21 மி.மீ., அதாவது ஆழம் அரை மி.மீ. மட்டுமே. தாங்கும் வளையப் பரப்பு 32 சதுர மி.மீ. வருகிறது. 210 பாரில் காடி விளிம்பின் மீது 205 மெகாபாஸ்கல், 315 பாரில் 307 மெகாபாஸ்கல். 6061-டி6 நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் இழுவலிமை 276 மெகாபாஸ்கல் என்பதால் சோதனை அழுத்தத்திலேயே விளிம்பு சாய்ந்துவிடும். கால்சுற்றுத் திருப்பிப் பூட்டும் பயோனெட் அமைப்பில் பரப்பு போதுமானதாகக் கிடைக்கும். ஆனால் அழுத்தம் குறைவாக மிச்சமிருக்கும்போது அதைத் திருப்பிவிட முடியும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்குச் சரியாகப் படுவது துண்டு வளையப் பூட்டு. பெரிய அழுத்தக் கலன்களின் மூடிகளில் இதே முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. துளையை இரண்டு விட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உள்ளே எண்ணெய்ப் பக்கம் 20 மி.மீ., அதில் ஓ-ரிங் உட்காரும்; முகத்தை நோக்கிய பகுதி 22 மி.மீ., அதில் 25 மி.மீ. விட்டத்துக்கு ஒரு சதுரக் காடி. பிளக்கை முதலில் காடியைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். பிறகு நான்கு துண்டுகளாக வெட்டிய எஃகு வளையத்தை ஒவ்வொரு துண்டாகக் காடிக்குள் வைக்க வேண்டும். பிறகு பிளக்கை வெளிப்பக்கமாக இழுத்தால் அதன் தோள்பட்டை அந்தத் துண்டுகளின் மீது வந்து உட்காரும். துண்டுகள் மையம் நோக்கி நழுவாதபடி நடுவில் ஒரு வட்டத் தகடு. நான்கையும் ஆரவாக்கில் வெட்டினால் கடைசித் துண்டு உள்ளே போகாது, ஏனென்றால் அதன் வெளி வில் இடைவெளியைவிட அகலமாக இருக்கும். ஆகவே ஒரு துண்டின் இரு முனைகளும் இணையாக இருக்க வேண்டும், அதுதான் கடைசியாகப் போய் முதலில் வெளிவரும்.

காடியின் தாங்கு பரப்பு 110 சதுர மி.மீ.; துண்டுகளுக்கிடையிலான இடைவெளிக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 88 மிஞ்சும். 315 பாரில் 112 மெகாபாஸ்கல்தான் வருகிறது. காடிக்கும் முகத்துக்கும் இடையில் 4 மி.மீ. உலோகம் விட்டால் அதன் மீதான வெட்டு அழுத்தம் 32 மெகாபாஸ்கலைத் தாண்டாது. காடியின் அடி மூலையைக் கூராக விடாமல் 0.3 மி.மீ. வளைவு கொடுங்கள், துண்டுகளின் விளிம்பை அதைவிடச் சற்று அதிகமாகச் சாய்த்து வெட்டுங்கள். எஃகைப் போல அல்லாமல், அலுமினியத்துக்கு இவ்வளவுக்குக் கீழே களைப்பே வராது என்ற எல்லை கிடையாது. வாரத்துக்கு ஐந்து முறை கழற்றுவதைவிட, பம்பின் ஒவ்வொரு அழுத்த ஏற்ற இறக்கமும்தான் அந்த மூலையை வருத்தும்.

பதில் 2: பராமரிப்புப் பொறியாளர், கப்பல் பழுதுபார்ப்புத் தளம்

பூட்டைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லிவிட்டதால் ஓ-ரிங்கில் கண்ட வெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது அழுத்தத்தால் வந்த சேதம் அன்று. அழுத்தத்தால் இடுக்குக்குள் பிதுங்கிய ஓ-ரிங்கில் ஒரு பக்கம் முழுவதும் அரித்ததுபோலக் கொறிபட்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் சீவியது போலிருந்தால், மாட்டும்போது ஒரு கூர்விளிம்பைக் கடந்து போயிருக்கிறது என்று பொருள். உங்கள் பந்துக் காடி அதே 20 மி.மீ. துளையில் ஓ-ரிங் போகும் பாதையில் இருந்ததுதான் காரணம். ஓ-ரிங் காடியின் மேல் வரும்போது விரிந்து அதற்குள் எட்டிப் பார்க்கும்; தள்ளும் கை நிற்காது; விளிம்பு சீவிவிடும்.

இரண்டு விட்டத் துளையின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. 15.54 × 2.62 மி.மீ. ஓ-ரிங்கை 15.8 மி.மீ. அடி விட்டத்தில் மாட்டினால் அதன் வெளி விட்டம் 21 மி.மீ. அளவில் இருக்கும், 22 மி.மீ. பகுதியில் எதையும் தொடாமல் காடியைக் கடந்துவிடும், 20 மி.மீ. பகுதிக்குள் போகும்போது ஏறக்குறைய 20 விழுக்காடு அமுங்கும், நிலையான அடைப்புக்கு அது நல்ல அளவு. இரு விட்டங்களும் சேரும் இடத்தை 15 முதல் 20 டிகிரி சரிவாக வெட்டி, சரிவு முடியும் விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். விரல் நகத்தை அந்த விளிம்பில் உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், நகம் சுரண்டப்பட்டால் ஓ-ரிங்கும் சுரண்டப்படும். குறுக்குத் துளை வந்து சேரும் இடத்திலும் பிசிறு நிற்கும். மாட்டும்போது பிளக்கை வழக்கத்தைவிட உள்ளே தள்ளப் போகிறீர்கள் என்பதால், அந்த நிலையிலும் ஓ-ரிங் குறுக்குத் துளையின் வாயை எட்டாதபடி ஆழத்தைக் கணக்கிட வேண்டும்.

210 பாரில் ஓ-ரிங்கைத் தனியாக விடாதீர்கள். 100 பாரைத் தாண்டினாலே பேக்கப் ரிங் (ஓ-ரிங் இடுக்குக்குள் பிதுங்காமல் தாங்கும் கெட்டி வளையம்) போடுவது எங்கள் வழக்கம். அழுத்தம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதால் வெளிப்பக்கத்தில் ஒன்று போதும். துளைக்கும் பிளக்குக்குமான பொருத்தத்தைத் தர அட்டவணையின் எச்8/எஃப்7 என்று வைத்தால் விட்ட இடைவெளி அதிகபட்சம் 0.074 மி.மீ.; 50 டிகிரி சூடேறும்போது அலுமினியத் துளை எஃகு பிளக்கைவிட 0.011 மி.மீ. கூடுதலாக விரியும். பேக்கப் ரிங் இருந்தால் இந்த இடைவெளி ஒரு பொருட்டே அன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் அளந்தது வெறும் அளவாக இருந்தது. அது ஏன் அந்த அளவாக இருக்க வேண்டும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. துண்டு வளையத்தை வைத்து மீண்டும் வரைந்தேன். வட்டத் தகட்டைப் பிடிக்க நடுவில் ஓர் எம்6 திருகு வேண்டும். அந்தத் திருகையே காற்றுப் போக்கும் திருகாகவும் ஆக்கினால், அதாவது அதன் கூம்பு முனை பிளக்கின் நடுவிலுள்ள 2 மி.மீ. துளையை அடைக்கும்படி செய்தால், ஒரே பொருள் இரண்டு வேலையைச் செய்யுமே என்று தோன்றுகிறது. இது சரியா? இன்னொரு சந்தேகம்: துண்டுகளை எடுக்கப் பிளக்கை 1.5 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும், கையால் முடியுமா?

பதில் 3: ஹைட்ராலிக் சோதனைப் பிரிவில் பணியாற்றுபவர், சென்னை

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கான விடைதான் முதல் யோசனையைக் கட்டாயமாக்குகிறது, ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிளக்கை 1.5 மி.மீ. உள்ளே தள்ளினால் ஏறக்குறைய அரை மில்லிலிட்டர் எண்ணெய் இடம்பெயர வேண்டும். அந்த வழியின் மறுமுனை டேங்கை நோக்கித் திறந்திருந்தால் பெருவிரலால் தள்ளலாம். இரு பக்கமும் வால்வு மூடி, உள்ளே 50 மில்லிலிட்டர் எண்ணெய் அடைபட்டிருந்தால் அதை ஒரு விழுக்காடு சுருக்க வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் எண்ணெய்க்கு அது 140 பார் அளவு அழுத்தம், உங்கள் பிளக்கின் மீது 4.4 கிலோநியூட்டன். சுத்தியலால் அடித்தாலும் அசையாது, அடிக்கவும் கூடாது. ஆகவே எண்ணெய்க்கு ஒரு வெளிவழி இல்லாமல் இந்த பிளக்கைத் திறக்கவே முடியாது. இதைக் குறையாகக் கருதாமல் பாதுகாப்பாகவே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஏன் என்றால், கழற்றக்கூடிய பிளக்கில் உண்மையான ஆபத்து 210 பாரில் இல்லை. முழு அழுத்தத்தில் ஒவ்வொரு துண்டையும் 1,650 நியூட்டன் நசுக்கிப் பிடித்திருக்கும். உராய்வுக் கெழு 0.12 என்று கொண்டாலும், இரு முகங்களிலும் உராய்வதால் ஒரு துண்டை வெளியே இழுக்க 40 கிலோ இழுப்பு வேண்டும், கொக்கி போட்டு இழுப்பவர் தாமே நிறுத்திவிடுவார். அளவுமானியின் முள் பூச்சியத்தை ஒட்டி நிற்க, உள்ளே 2 பார் மிச்சமிருக்கும்போதுதான் கேடு. அப்போது துண்டு அரை கிலோவுக்கும் குறைவான இழுப்பில் வந்துவிடும். எண்ணெய் மட்டும் இருந்தால் பிளக் சற்றே நகர்ந்து நிற்கும். அடைபட்ட காற்றோ, மூடப்படாத அக்குமுலேட்டரோ (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன்) பின்னால் இருந்தால் அது முகத்துக்கு நேராகப் பாயும். சோதனை மேடைகளில் பிளக்கைத் திறப்பவர் பெரும்பாலும் துளைக்கு நேரே குனிந்துதான் நிற்கிறார். நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் அப்படிக் குனிந்திருந்த ஒருவரின் தோளை உரசிக்கொண்டு ஒரு பிளக் போய்ச் சுவரில் பட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று முதல் மிச்ச அழுத்தத்தை நான் சிறியது என்று எண்ணியதில்லை.

ஆகவே தகட்டைக் கழற்ற வேண்டுமானால் காற்றுப் போக்கும் திருகைத் திறந்தே ஆக வேண்டும் என்ற உங்கள் ஏற்பாடு மிகவும் சரியானது. திறப்பவரின் நினைவாற்றலை நம்பாமல் வரிசையைப் பொருளே கட்டாயப்படுத்துகிறது: முதலில் திருகு, பிறகு தகடு, பிறகு பிளக்கை உள்ளே தள்ளுதல், பிறகு துண்டுகள், கடைசியாக பிளக்.

ஆனால் வரைபடத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஒரே திருகின் தலை தகட்டின் மீதும், அதன் கூம்பு முனை பிளக்கின் இருக்கையிலும் ஒரே நேரத்தில் இறுக முடியாது. தலை முதலில் முட்டினால் முனை அடைக்காது, கசியும். முனை முதலில் முட்டினால் தகடு தளர்ந்திருக்கும். எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ஒன்றுதான் உண்மையில் இறுகும். முனை இறுகட்டும். தலைக்கும் தகட்டுக்கும் இடையில் அரை மி.மீ. விட்டு, அங்கே ஓர் அலைவடிவ ஸ்பிரிங் வாஷரைப் போடுங்கள். அது தகட்டைத் துண்டுகளின் மீது அழுத்தி, பிளக்கையும் மெதுவாக வெளிப்பக்கம் இழுத்து வைத்திருக்கும், அதிர்வில் துண்டுகள் சலசலக்காது. தகட்டுக்கு வேறு சுமை கிடையாது. அழுத்தம் முழுவதும் பிளக்கிலிருந்து துண்டுகளுக்கும், துண்டுகளிலிருந்து பிளாக்குக்கும் நேராகப் போய்விடுகிறது. கூம்பு இருக்கையின் விட்டம் 3 மி.மீ. என்றால் திருகைத் தள்ளும் விசை 150 நியூட்டன்தான், எம்6 மரை அதை எளிதாகத் தாங்கும். அந்த மரையும் எஃகு பிளக்கில் இருப்பதால் உரியும் பேச்சே இல்லை.

திருகின் மரை குறைந்தது ஆறு சுற்றாவது பிடித்திருக்க வேண்டும், முதல் சுற்றிலேயே எண்ணெய் கசியத் தொடங்க வேண்டும். அந்தக் கசிவு திருகின் தலையோரமாக நேரே மேலே பீய்ச்சக் கூடாது. பிளக்கில் பக்கவாட்டாக ஒரு சிறு துளையிட்டு, தகட்டுக்கு அடியிலுள்ள வளைய இடைவெளியில் அதை விடுங்கள், அங்கே வேகம் தணிந்து ஒழுகும். உயர் அழுத்தத்தில் ஊசி போன்று பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது சிறு புள்ளியாக இருந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது. உங்கள் மேடையில் வேலை செய்பவர்களிடம், கசிவைக் கையால் தடவித் தேடாமல் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கும்படி சொல்லிவையுங்கள். ஹைட்ராலிக் அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4413 தரத்தையும் ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுவது நல்லது.

பதில் 1 எழுதியவர்

மேலே உள்ள திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். திருகின் இரட்டை முட்டலை நானும் கவனித்திருக்க மாட்டேன். செய்முறைக்காக இரண்டு சொற்கள் மட்டும் சேர்க்கிறேன்.

25 மி.மீ. காடியை விஎம்சியில் (கணினி இயக்கும் செங்குத்து வெட்டு இயந்திரம்) டி-ஸ்லாட் கட்டரை வட்டமாகச் சுழற்றி வெட்டலாம். கட்டர் 22 மி.மீ. வாய் வழியே நுழைய வேண்டும் என்பதால் 20 மி.மீ. தலையும் மெல்லிய கழுத்தும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். துண்டு வளையத்தை இஎன் 8 எஃகில் முழு வளையமாகக் கடைந்து, இரு முகங்களையும் தேய்த்து இணையாக்கிய பின்பே துண்டாக்குங்கள். தனித்தனியாகச் செய்தால் தடிமன் மாறும், மாறினால் நான்கில் இரண்டு மட்டுமே சுமையைத் தாங்கும், நாம் போட்ட கணக்கு பாதியாகிவிடும். அதே காரணத்துக்காக ஒரு வளையத்தின் துண்டுகளை இன்னொன்றின் துண்டுகளோடு கலக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் துளையின் எண்ணைப் பொறித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

வரைபடத்தைத் திருத்திவிட்டேன். பழைய பிளாக்கில் மரை உரிந்த துளை ஒன்றின் பக்கத்திலேயே புதிதாகத் துளையிட்டு முதல் மாதிரியைப் பொருத்தப் போகிறேன். காற்றை முழுவதும் வெளியேற்றி, கைப் பம்பினால் எண்ணெய் ஏற்றி, மேலே இரும்புக் கூண்டு வைத்து 315 பார் வரை சோதிப்பதாக எண்ணம். சோதனைக்கு முன்னும் பின்னும் முகத்திலிருந்து பிளக்கின் ஆழத்தையும் காடியின் அகலத்தையும் அளந்து இங்கேயே பதிவிடுகிறேன்.

பதில் 3 எழுதியவர்

முதல் ஏற்றத்தில் பிளக் ஒரு மி.மீ.யில் நூறில் ஓரிரு பங்கு நகர்ந்தால் கவலைப்பட வேண்டாம்; துண்டுகள் தம் இடத்தில் படிவது அது. இரண்டாவது, மூன்றாவது ஏற்றங்களிலும் நகர்ந்துகொண்டே போனால் நிறுத்திவிட்டுத் துண்டுகளின் முகங்களில் நீல மை தடவிப் பாருங்கள், எது தொடவில்லை என்பது தெரிந்துவிடும். 315 பாரில் பத்து நிமிடம் நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் இறக்கி, திருகைத் திறந்த பிறகே அளவெடுக்கக் கிட்டே போங்கள்.